எமுலேட்டரா, ஒரிஜினல் மெஷினா? பழைய ஹோம் கம்ப்யூட்டர் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, அமிகான்னு 80கள்ல வீட்டுக்குள்ள வந்த கம்ப்யூட்டர்கள இப்ப ஓட்டிப் பாக்கணும்னு ஆசப்படுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். எமுலேட்டர்ங்கறது பழைய மெஷின் மாதிரியே நடந்துக்குற ஒரு புரோகிராம், இன்னிக்கு கம்ப்யூட்டர்லயே ஓடும். எல்லா மெஷினையும் தொடல, நான் நல்லா பழகுனது கொமடோர் 64 (இனிமே சி64னு சொல்றேன்), அதனால உதாரணம் அதுலதான் அதிகம் வரும்.

கே: சுருக்கமா சொல்லுங்க, எது பெஸ்ட்?

உங்களுக்கு அந்தக் காலத்து கேமும் புரோகிராமும் வேணுமா, இல்ல அந்த மெஷினே வேணுமா? அத முதல்ல முடிவு பண்ணுங்க. கேம் ஆடணும், பேசிக் மொழில நாலு வரி எழுதிப் பாக்கணும், அசெம்ப்ளி (சிபியூவோட சொந்தக் கட்டளைலயே எழுதுற மொழி) கத்துக்கணும்னா எமுலேட்டர் தாராளமா போதும், பல விஷயத்துல ஒரிஜினல விட வசதியாவே இருக்கும். மெஷின்தான் வேணும்னா அது வேற ஹாபி. அதுல பாதி நேரம் கேமே ஆட மாட்டீங்க, மல்டிமீட்டரும் சோல்டரிங் அயனுமா உக்காந்திருப்பீங்க, அது புடிச்சவங்களுக்கு அதுவே சுகம், புடிக்காதவங்க வாங்குன மெஷின் சீக்கிரமே பரண் மேல ஏறிடும்.

என்னைக் கேட்டா எல்லாரும் எமுலேட்டர்ல ஆரம்பிங்க. அதுல ஓட்டி ஓட்டி, இது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தொறந்து பாக்கணும்னு கை அரிச்சா அப்ப மெஷின் தேடலாம்.

கே: எமுலேட்டர் உள்ள அப்படி என்னதான் நடக்குது? பழைய சிபியூவ காப்பியடிக்கிறதுதானே?

சிபியூ சுலபமான பகுதிங்க. 6502 (சி64ல இருக்குற வகை), இசட்80 (ஸ்பெக்ட்ரம்ல இருக்குறது) ரெண்டு சிபியூவுக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் கம்மி, பொறுமை இருக்கறவங்க உக்காந்தா எழுதிடலாம். கஷ்டம் எங்கன்னா, சிபியூவும் வீடியோ சிப்பும் ஒரே மெமரிய பங்கு போட்டுக்கிட்டு ஓடுறதுலதான். சி64ல விஐசி-2ன்னு ஒரு வீடியோ சிப், அது டெக்ஸ்ட் காட்டும்போது எட்டு வரிக்கு ஒரு தடவ அடுத்த எழுத்து வரிசைய மெமரில இருந்து எடுக்க சிபியூவ 40 சைக்கிளுக்கு (சைக்கிள்னா சிப்போட ஒரு கடிகாரத் துடிப்பு) மேல நிறுத்தி வெச்சிடும். அந்த வரிக்கு 'பேட் லைன்'னு பேரு. பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) மெஷின்ல ஒரு வரிக்கு மொத்தமே 63 சைக்கிள்தான், அதுல இவ்வளவு போச்சுன்னா மிச்சத்துலதான் சிபியூ எதுவும் பண்ண முடியும்.

அந்தக் காலத்து புரோகிராமருங்க இத எண்ணி எண்ணி எழுதியிருக்காங்க. ஸ்கிரீன சுத்தி ஒரு பார்டர் வருமே, அதுக்குள்ள எதையும் வரைய முடியாதுன்னுதான் மேனுவல்படி. ஆனா ஸ்கிரீனோட கடைசி வரி வர்ற நேரம் பாத்து 25 வரி மோட்ல இருந்து 24 வரி மோடுக்கு மாத்திட்டா, 24 வரி முடியற இடம் ஏற்கனவே தாண்டிப் போச்சு, 25 முடியற இடம் இப்ப செல்லாது, சிப் பார்டர ஆரம்பிக்கவே மறந்துடும், மேலயும் கீழயும் பார்டர் தொறந்துக்கும், அங்க ஸ்ப்ரைட்ட (சிப்பே தனியா நகத்துற சின்னப் படம்) விடலாம். இது கொஞ்சம் முன்னப்பின்ன போனாலும் நடக்காது. எமுலேட்டர் இதையெல்லாம் சரியா காட்டணும்னா ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு சிப்பும் என்ன பண்ணுதுன்னு கணக்கு வெக்கணும். சும்மா 1 மெகாஹெர்ட்ஸ் மெஷினுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பிராசசர் கேக்குதுன்னு சிலர் கோவப்படுறாங்க, காரணம் இதான்.

ஸ்பெக்ட்ரம்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, முதல் 16கே ரேம யூஎல்ஏங்கற படம் வரையற சிப்பும் சிபியூவும் பங்கு போட்டுக்கும், அங்க ஓடுற கோட் ஸ்கிரீன் வரையற நேரத்துல மெதுவா ஓடும்.

கே: அப்ப இன்னிக்கு இருக்குற எமுலேட்டர் நூறு சதவீதம் சரியா?

பிரபலமான மெஷினுக்கெல்லாம் ரொம்ப ரொம்ப பக்கத்துல வந்தாச்சு. சி64க்கு வைஸ், ஸ்பெக்ட்ரமுக்கு ஃபியூஸ், அமிகாவுக்கு வின்யூஏஇ, அட்டாரி 8-பிட்டுக்கு ஆல்டிர்ரா, அட்டாரி எஸ்டிக்கு ஹடாரி, எம்எஸ்எக்ஸுக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ், இதெல்லாம் வருஷக்கணக்கா செதுக்குனது. சாதாரண கேம்ல வித்தியாசம் கண்டுபிடிக்கவே மாட்டீங்க. வைஸ்ல எக்ஸ்64எஸ்சின்னு இருக்குறதுதான் துல்லியமானது, பழைய வழிகாட்டில வெறும் எக்ஸ்64 ஓட்டச் சொல்லியிருந்தா அது ரொம்ப மெதுவான கம்ப்யூட்டருக்கு சொன்னது.

ஆனா வேடிக்கை என்னன்னா, சில இடத்துல எமுலேட்டர் ஒரிஜினல விட நல்லா நடந்துக்குது, பிரச்சனையே அதுதான். விஎஸ்பின்னு ஒரு டெக்னிக், சி64ல மொத்த ஸ்கிரீனையும் கிடைமட்டமா சடார்னு நகத்துறதுக்கு. சில மெஷின்ல இது வருஷக்கணக்கா ஒழுங்கா ஓடும், சில மெஷின்ல ரேம்ல இருக்குற பைட்ட கெடுத்து க்ராஷ் ஆகிடும், அதே மாடல், அதே போர்டு ரிவிஷனா இருந்தாக்கூட. மெமரி சிப்போட டைமிங் கொஞ்சம் தள்ளியிருக்குறதுதான் காரணம். எமுலேட்டர்ல மட்டும் சோதிச்சுட்டு 'என் கோட்ல தப்பே இல்ல'ன்னு ரிலீஸ் பண்ணுனா, நிஜ மெஷின் வெச்சிருக்கறவங்க வந்து திட்டுவாங்க. வைஸ்ல இந்த பக்கையும் வேணும்னே எமுலேட் பண்ண ஒரு ஆப்ஷன் இருக்கு, போட்டுப் பாருங்க.

6502ல டாக்குமெண்ட்ல இல்லாத சில இன்ஸ்ட்ரக்ஷனும் உண்டு, அதுல ஒண்ணு ரெண்டு சிப்புக்கு சிப் மாறும், சூடு ஏறுனா வேற பதில் தரும். இதுக்கு 'சரியான' எமுலேஷன்னு எத சொல்றது? 2010ல விஷுவல் 6502ன்னு ஒரு குழு சிப்ப தொறந்து மைக்ரோஸ்கோப்ல படம் எடுத்து, ஒவ்வொரு ட்ரான்சிஸ்டரா ப்ரவுசர்ல ஓட விட்டாங்க, அந்த இன்ஸ்ட்ரக்ஷனெல்லாம் ஏன் அப்படி நடந்துக்குதுன்னு அதுக்கப்புறம்தான் பல பேருக்கு வெளங்குச்சு. எமுலேட்டர் இவ்ளோ நல்லா இருக்குன்னா, யாரோ ஒருத்தர் நிஜ மெஷின்ல ப்ரோப் வெச்சு அளந்திருக்காங்கன்னு அர்த்தம், அதனால மெஷின் வெச்சிருக்கறவங்கள நக்கல் பண்ணாதீங்க.

கே: சி64 பாட்டு எமுலேட்டர்ல ஏன் வேற மாதிரி கேக்குது?

ஏன்னா சிட்ங்கற சி64ஓட சவுண்ட் சிப் பாதி அனலாக். பாப் யான்னஸ் வடிவமைச்ச சிப் அது, மூணு குரல், கூடவே ஒரு ஃபில்டர். பழைய 6581 மாடல்ல அந்த ஃபில்டர் ஒவ்வொரு சிப்லயும் ஒவ்வொரு மாதிரி, ஒருத்தர் மெஷின்ல ஆழமா வர்ற பேஸ் இன்னொருத்தர் மெஷின்ல அமுங்கிக் கேக்கும். அதனால 'ஒரிஜினல் சத்தம்'னு ஒண்ணே ஒண்ணு கிடையவே கிடையாது, நீங்க எந்த மெஷின்ல கேட்டு வளந்தீங்களோ அதுதான் உங்க காதுக்கு ஒரிஜினல்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு. சிட்ல ரெக்கார்ட் பண்ணுன குரல வாசிக்க வசதியே கிடையாது. ஆனா வால்யூம் ரெஜிஸ்டர் 4 பிட், அதாவது 0ல இருந்து 15 வரைக்கும் மாத்தலாம். 6581ல ஒரு குறை, எந்த நோட்டும் வாசிக்கலன்னாக்கூட கொஞ்சம் டிசி வோல்டேஜ் கசியும், அதனால வால்யூம மாத்துனாலே ஒரு 'டிக்' சத்தம் வரும். அந்த டிக்க விநாடிக்கு ஆயிரக்கணக்குல அடிச்சா அதுவே 4 பிட் சாம்பிள், மனுஷக் குரல், ட்ரம் எல்லாம் வந்துச்சு. அப்புறம் வந்த 8580 சிப்ல அந்தக் குறைய சரி பண்ணிட்டாங்க, உடனே பழைய கேம்ல பேசுற குரலெல்லாம் முணுமுணுப்பா போயிடுச்சு! ஒரு ரெசிஸ்டர சிப்போட ஆடியோ இன்புட் காலுல சேத்து மறுபடி டிசி கசியவிட்டுதான் சத்தத்த திரும்ப வரவெக்கிறாங்க.

எமுலேட்டர்ல இதுக்கு ஒரு செட்டிங்தான், 6581ஆ 8580ஆன்னு. குரல் கேக்கலன்னா அத மாத்துங்க. வைஸ்ல இருக்குற ரீசிட் எஞ்சின் ரெண்டையும் நல்லாவே பண்ணும்.

கே: எமுலேட்டர்ல ஜாய்ஸ்டிக் அழுத்துனா கொஞ்சம் லேட்டா ஆளு நகருற மாதிரி இருக்கே, மனப்பிரமையா?

பிரமை இல்ல. பழைய மெஷின்ல ஜாய்ஸ்டிக் ஒயர் நேரா ஒரு சிப்போட காலுக்கு போகுது, புரோகிராம் படிச்ச உடனே தெரியும், வீடியோ சிப் வரி வரியா நேரா சிஆர்டிக்கு (பழைய பிக்சர் ட்யூப் டிவி) அனுப்புது, நடுவுல யாரும் சேத்து வெக்கறதில்ல. இப்ப யூஎஸ்பி கன்ட்ரோலர சாதாரணமா 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவதான் கேப்பாங்க, அப்புறம் எமுலேட்டர் ஒரு ஃபிரேம் முழுசா தயார் பண்ணி வெச்சுக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு ஃபிரேம் வரிசைல நிறுத்தும், டிவி வேற 'படத்த அழகுபடுத்துறேன்'னு உக்காந்துக்கும். எல்லாம் கூட்டுனா கைக்கு தெரியும்.

முதல்ல டிவில கேம் மோடு ஆன் பண்ணுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும். ரெட்ரோஆர்ச்ல ரன்-அஹெட்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஃபிரேம் முன்னாடியே ஓட்டிப் பாத்து லேக்க மறைக்கும். வின்யூஏஇல லேக்லெஸ் விசின்க்னு மானிட்டர் வரையற அதே வேகத்துல பட்டை பட்டையா படத்த அனுப்பும். இதெல்லாம் ஒழுங்கா செட் பண்ணுனா பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நிமிஷத்துக்கு நிமிஷம் சாவுற மாதிரி குதிக்கிற கேம் ஆடுறவங்க மட்டும் சண்டைக்கு வருவாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

கே: ஸ்க்ரோல் ஆகும்போது படம் விட்டு விட்டு நகருது, கம்ப்யூட்டர் ஸ்லோவா?

கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. பால் சி64 விநாடிக்கு 50.12 ஃபிரேம், ஸ்பெக்ட்ரம் 50.08 ஃபிரேம், உங்க மானிட்டர் 60. அஞ்சு ஃபிரேமுக்கு ஒரு தடவ ஏதோ ஒரு ஃபிரேம ரெண்டு வாட்டி காட்டியே ஆகணும், அதான் அந்த உதறல். மானிட்டர்ல 50 ஹெர்ட்ஸ் இருந்தா அத செலக்ட் பண்ணுங்க, இல்ல வேரியபிள் ரெஃப்ரெஷ் இருக்குற மானிட்டர்னா அத ஆன் பண்ணுங்க. அமெரிக்க மாடலுக்கு மாத்திட்டா 60 ஆகிடுமேன்னு சிலர் பண்ணுவாங்க, அப்ப ஐரோப்பால செஞ்ச கேம் எல்லாம் வேகமா ஓடும், பாட்டு கீச்சுன்னு கேக்கும், சிலது ஓடவே ஓடாது.

கே: சிஆர்டி இல்லாம அந்த லுக் வராதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. ஆப்பிள் 2ல கலர்ங்கறதே என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) சிக்னல்ல செஞ்ச ஏமாத்து வேலை, கருப்பு வெள்ளை புள்ளிகள ஒரு வரிசைல வெச்சா டிவி அத கலர்னு நெனச்சுக்கும், அத அப்படியே கூர்மையா பிக்சலா காட்டுனா படமே தப்பு. நல்ல எமுலேட்டர் அந்த சிக்னலையே கணக்கு போட்டு காட்டும். ஸ்பெக்ட்ரம்ல ஒரு 8க்கு 8 கட்டத்துல ரெண்டு கலர்தான், அந்த அட்ரிப்யூட் க்ளாஷ் சிஆர்டிலயும் அசிங்கமாத்தான் இருந்துச்சு, எல்சிடிலயும் அப்படியேதான். சிஆர்டி ஷேடர் (படத்த பழைய டிவி மாதிரி மாத்துற ஃபில்டர்) போட்டுப் பாருங்க, 4கே ஸ்கிரீன்ல நல்லாவே வருது. லைட் கன் மட்டும் சிஆர்டி இல்லாம வேலை செய்யாது, அது எலக்ட்ரான் பீம் போற நேரத்த வெச்சு இடம் கண்டுபிடிக்கிறது.

இன்னொண்ணு, சிஆர்டிய நீங்களே தொறக்காதீங்க. ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆனப்புறமும் உள்ள பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

கே: எமுலேட்டர்ல கீபோர்டே புரியல, டபுள் கோட் எங்க இருக்கு?

ஸ்பெக்ட்ரம் ஆளுங்கதான் இதுல ரொம்ப மாட்டுவாங்க. அதுல எழுத்து எழுத்தா டைப் பண்றது கிடையாது, ஜே அழுத்துனா 'லோட்'ங்கற முழு வார்த்தையும் வந்து விழும், அப்புறம் சிம்பல் ஷிஃப்ட்டோட பி ரெண்டு தடவ, எண்டர். பல எமுலேட்டர்ல கேசட் ஃபைல தொறந்தாலே இத அதுவே டைப் பண்ணிடும்.

சி64ல ஷிஃப்ட்டும் 2ம் சேந்தா டபுள் கோட். வைஸ்ல கீபோர்டுக்கு ரெண்டு மோடு இருக்கு, சிம்பாலிக்னா உங்க கீல என்ன அச்சடிச்சிருக்கோ அது வரும், பொசிஷனல்னா பழைய மெஷின்ல அந்த இடத்துல என்ன கீ இருந்துச்சோ அது வரும். டைப் பண்ண சிம்பாலிக், கேமுக்கு பொசிஷனல். ரன்ஸ்டாப் கீ எஸ்கேப்ல இருக்கும், ரெஸ்டோர் பேஜ் அப்ல.

கே: ஒரு பழைய சி64 கெடச்சிருக்கு, ப்ளக்க மாட்டி ஆன் பண்ணலாமா?

பண்ணாதீங்க! இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில் படிச்சா போதும்னா இத படிங்க.

சி64 கூட வர்ற அந்த கனமான பவர் சப்ளை, உள்ள ரெசின் ஊத்தி அடைச்சது, சூடு வெளிய போகாது, ரிப்பேர் பண்ணவும் முடியாது. அது கெட்டுப்போனா சும்மா செத்துப் போகாது, 5 வோல்ட் தர்ற ரெகுலேட்டர் பிச்சுக்கிட்டு அதுக்கு மேல அனுப்பும், முதல்ல ரேம் சிப் போகும், அப்புறம் மத்ததும். மல்டிமீட்டர் வெச்சு பாத்தா 4.75ல இருந்து 5.25க்குள்ள இருக்கணும். ஆனா லோட் இல்லாம அளக்கும்போது சரியா காட்டிட்டு சூடானப்புறம் ஏறுறதும் உண்டு, அதனால பழைய சப்ளைய நம்பாம புதுசா செஞ்சது ஒண்ணு வாங்கிடுங்க, இல்ல நடுவுல ஓவர்வோல்டேஜ் ப்ரொடெக்டர் மாட்டுங்க. மெஷின் வாங்குற காசோட இதையும் சேத்தே பட்ஜெட் போடுங்க.

ஸ்பெக்ட்ரம்னா 9 வோல்ட், ஆனா ப்ளக்கோட நடுமுனைதான் நெகட்டிவ். இன்னிக்கு வீட்ல கெடக்குற அடாப்டர் பெரும்பாலும் நடுவுல பாசிட்டிவ், அத சொருகுனா கதை முடிஞ்சது. பிபிசி மைக்ரோன்னா பவர் சப்ளைக்குள்ள ரிஃபா கெபாசிட்டர் இருக்கும், தேன் கலர்ல வெளிய வெடிப்பு விட்ட மாதிரி தெரியும், வெடிப்பு வழியா ஈரம் இறங்கி ஒரு நாள் டப்புன்னு வெடிச்சு ரூம் முழுக்க நாத்தப் புகை. மெஷினுக்கு பொதுவா ஒண்ணும் ஆகாது, ஆனா அத மாத்திட்டு ஆன் பண்றதுதான் புத்திசாலித்தனம்.

அமிகா 500 ப்ளஸ், அமிகா 2000 மாதிரி மெஷின்ல போர்டுலயே ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரிய சோல்டர் பண்ணி வெச்சிருப்பாங்க, கடிகாரத்துக்காக. அது கசிஞ்சு பக்கத்துல இருக்குற செம்புக் கோட்டையே தின்னுடும். அமிகா 600, 1200லன்னா சின்ன சர்ஃபேஸ் மவுண்ட் கெபாசிட்டருங்க கசியும், மீன் நாத்தம் அடிக்கும். இதுக்கெல்லாம் மெஷின் ஓடணும்னு அவசியமே இல்ல, பெட்டில சும்மா இருந்தாலும் நடக்கும்.

ஆன் பண்ணுனப்புறமும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ஓடிட்டு இருக்கும்போது சி64ல ஜாய்ஸ்டிக்கோ டிரைவ் கேபிளோ சொருகாதீங்க, கைல இருக்குற ஸ்டாட்டிக்கே அந்த போர்ட்டுகள பாத்துக்குற சிஐஏ சிப்ப காலி பண்ணிடும். யூஎஸ்பி பழக்கத்துல நம்ம கை தானா போகும், அதான் ஆபத்து.

கே: எல்லா கெபாசிட்டரையும் மாத்தியே ஆகணுமா?

அமிகா 600, 1200, 4000 வெச்சிருந்தா ஆமா, யோசிக்காதீங்க. சி64, ஸ்பெக்ட்ரம்ல ஓடிட்டு இருந்துச்சுன்னா நான் அவசரப்பட மாட்டேன். சோல்டரிங் பழகாதவங்க எல்லாத்தையும் மாத்துறேன்னு கெளம்பி போர்டுல இருக்குற பேட (பார்ட்ஸோட காலு ஒட்டுற செம்புத் தகடு) பேத்து எடுக்குறதுதான் அதிகம் நடக்குது.

கே: மஞ்சளாப் போன கேஸ வெள்ளையாக்கலாமா?

ஆகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அல்ட்ராவயலெட் வெளிச்சமும் சேந்தா வெளுக்கும், ரெட்ரோப்ரைட்னு சொல்வாங்க. மறுபடி மஞ்சளாகவும் வாய்ப்பு உண்டு. க்ளவுஸ், கண்ணாடி போட்டுக்கங்க. மஞ்சளா இருந்தா என்னங்கறது என் கட்சி.

கே: பழைய ஃப்ளாப்பி, கேசட்லாம் இன்னும் படிக்குமா?

ஆச்சரியமா பலது படிக்கும். ஆனா முதல் வேலை அத ஆடி மகிழறது இல்ல, காப்பி எடுக்கறது. ஃப்ளாப்பில பூஞ்சை புடிச்சிருந்தா டிரைவுக்குள்ள போடாதீங்க, டிஸ்க்கும் போகும் டிரைவ் ஹெட்டும் போகும். கேசட்டுக்கு ப்ளேயரோட ஹெட்ட லேசா திருப்பி அசிமத் (டேப்புக்கு ஹெட் நிக்கிற சாய்வு) சரி பண்ணுங்க, சத்தம் கணீர்னு கூர்மையா வர்ற இடத்துல நிறுத்தி வேவ் ஃபைலா ரெக்கார்ட் பண்ணிட்டு, அப்புறம் டேப் ஃபைலா மாத்துங்க.

அமிகா டிஸ்க்க சாதாரண பிசி டிரைவ் கன்ட்ரோலர் படிக்காது, அது டிராக்க எழுதுற விதமே வேற. க்ரீஸ்வீசில், க்ரையோஃப்ளக்ஸ் மாதிரி போர்டு டிஸ்க்ல இருக்குற காந்த மாற்றத்தையே நேரடியா பதிவு பண்ணும், அத வெச்சு எடுங்க. சி64க்கு டி64ங்கற டிஸ்க் காப்பி ஃபைல் 1,74,848 பைட், அதுல செக்டர்ல இருக்குற டேட்டா மட்டும்தான் இருக்கு, காப்பி ப்ரொடெக்ஷன் போட்ட டிஸ்க்கா இருந்தா அது போதாது, டிராக்கையே அப்படியே வெச்சிருக்குற ஜி64 ஃபைல் வேணும். ஃபேக்டரில இருந்து வந்த டிஸ்க்னா இன்னொருத்தர் ஏற்கனவே எடுத்திருப்பாங்க, உங்க கைல இருக்குற, வீட்ல யாரோ எழுதி வெச்ச புரோகிராம் டிஸ்க்குக்குத்தான் உலகத்துல வேற காப்பி கிடையாது, அத முதல்ல எடுங்க.

கே: ஒரிஜினல் மெஷின்ல எஸ்டி கார்டு போட்டா அது ஒரிஜினலா இல்லையா?

சண்டை போடுறவங்க போடட்டும். சி64ல 1541 ஃப்ளாப்பி டிரைவ் விநாடிக்கு சில நூறு பைட்தான் தரும், ஸ்பெக்ட்ரம்ல 48கே கேம் கேசட்ல இருந்து ஏற அஞ்சு நிமிஷம் ஆகும், அந்தக் காத்திருப்புல ஒரு சுகம் இருக்குன்னு சொல்றவங்களும் தெனமும் அத பண்றதில்ல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. 1541 வெறும் டிரைவ் இல்ல, அதுக்குள்ளயும் ஒரு 6502, 2கே ரேம், அதாவது அதுவே ஒரு தனி கம்ப்யூட்டர். ஃபாஸ்ட்லோடர் எல்லாம் தன்னோட கோட அந்த டிரைவுக்குள்ள அனுப்பி அங்க ஓட்டும். எஸ்டி2ஐஇசி மாதிரி சின்ன அடாப்டர் அந்த சிபியூவ எமுலேட் பண்றதில்ல, அதனால பல கேம், டெமோ ஓடாது, அப்ப பை1541 இல்லன்னா 1541 அல்டிமேட் பக்கம் போங்க. அமிகா, அட்டாரி எஸ்டிக்கு கோடெக் (Gotek, பென் டிரைவ ஃப்ளாப்பியா காட்டுறது) டிரைவ்ல ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் போட்டுக்கங்க, வேலை முடிஞ்சது.

கே: எஃப்பிஜிஏன்னா எமுலேஷன் இல்லன்னு விளம்பரத்துல சொல்றாங்க, உண்மையா?

அதுவும் எமுலேஷன்தான். சாஃப்ட்வேர் எமுலேட்டர் ஒண்ணு முடிச்சு இன்னொண்ணுன்னு கணக்கு போடுது, எஃப்பிஜிஏல (உள்ள இருக்குற சர்க்யூட்ட நாமளே மாத்தி அமைக்கக்கூடிய சிப்) பழைய சிப்போட லாஜிக்க அப்படியே சர்க்யூட்டா அமைச்சு எல்லாம் ஒரே நேரத்துல ஓடுது, அதனால லேக் கம்மி, டைமிங் பிசிறில்லாம வரும். ஆனா அந்த லாஜிக்க எழுதுனவருக்கு ஒரிஜினல் சிப்ப பத்தி எவ்ளோ தெரியுமோ அவ்ளோதான் துல்லியம், தப்பா எழுதுனா எஃப்பிஜிஏலயும் தப்பாத்தான் ஓடும். மிஸ்டர்னு ஒரு ப்ராஜெக்ட், டிஇ10-நானோ போர்டுல ஓடும், ஒரே பெட்டில சி64, அமிகா, ஸ்பெக்ட்ரம், எம்எஸ்எக்ஸ் எல்லாம். பழைய சிஆர்டிக்கு அனலாக் அவுட்புட்டும் எடுக்கலாம். ரிப்பேர் தலைவலி வேணாம், ஆனா கைல கிடைக்குற அந்த உடனடி ஃபீல் வேணும்கறவங்களுக்கு நான் சொல்றது இதான்.

கே: மினி மெஷின்லாம்?

2018ல வந்த சி64 மினில கீபோர்டு வெறும் பொம்மை, அழுத்துனா அமுங்காது, யூஎஸ்பி கீபோர்டு மாட்டணும். அப்புறம் வந்த பெரிய சைஸ்ல கீபோர்டு வேலை செய்யும். உள்ள ஓடுறது எமுலேட்டர்தான். பிள்ளைங்களுக்கு காட்ட நல்லா இருக்கும்.

கே: ராம் (ROM, மெஷினுக்குள்ள நிரந்தரமா பதிஞ்ச புரோகிராமோட காப்பி) ஃபைல் டவுன்லோடு பண்றது சட்டப்படி சரியா?

மெஷினுக்கு மெஷின் வேற. சின்க்ளேர் கம்ப்யூட்டர் தொழில 1986ல ஆம்ஸ்ட்ராட் வாங்குச்சு, ஸ்பெக்ட்ரம் ராம எமுலேட்டரோட சேத்துக் கொடுக்க 1999ல அனுமதி சொல்லிட்டாங்க, அதனால அங்க கவலை இல்ல. அமிகாவோட கிக்ஸ்டார்ட் ராம் இன்னும் உரிமை உள்ளது, அமிகா ஃபாரெவர்னு காசு குடுத்து வாங்கலாம், இல்ல வின்யூஏஇ கூடவே வர்ற ஏராஸ் ராம்ல ஓரளவு ஓட்டலாம். கேம் விஷயத்துல 'அபாண்டன்வேர்'னு ஒரு வார்த்தை சுத்துது, சட்டத்துல அப்படி ஒரு வகை கிடையாது, கம்பெனி மூடுனாலும் காப்பிரைட் யார்கிட்டயாவது இருக்கும்.

கே: அசெம்ப்ளி கத்துக்கணும், நிஜ மெஷின் வாங்கட்டுமா?

வேணாம். எமுலேட்டர்ல மானிட்டர்ங்கற டீபக் விண்டோவ தொறந்து ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனா ஓட்டலாம், மெமரிய பாக்கலாம், க்ராஷ் ஆனா ஸ்னாப்ஷாட்டுக்கு திரும்பலாம், நிஜ மெஷின்ல க்ராஷ் ஆனா சேவ் பண்ணாத கோட் போச்சு, மறுபடி அசெம்ப்ளர லோட் பண்ணணும். அந்தக் காலத்துலயே வசதி இருந்த கம்பெனிங்க பெரிய கம்ப்யூட்டர்ல எழுதி கேபிள் வழியா சின்ன மெஷினுக்கு அனுப்பித்தான் கேம் செஞ்சாங்க. முடிஞ்சப்புறம் ஒரு தடவ நிஜ மெஷின் வெச்சிருக்கற யார்கிட்டயாவது குடுத்து ஓட்டிப் பாருங்க, மேல சொன்ன விஎஸ்பி மாதிரி சங்கதி அப்பதான் வெளிய வரும்.

கே: பார்ட்ஸ் இன்னும் எவ்ளோ நாளைக்கு கிடைக்கும்?

சிப்பப் பொறுத்தது. 65சி02 இன்னும் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் விக்குது. 40 கால் இசட்80க்கு ஜைலாக் 2024ல கடைசி ஆர்டர் வாங்கிட்டாங்க, ஆனா உலகத்துல கொட்டிக் கெடக்கு. கவலை விஐசி-2, சிட், யூஎல்ஏ மாதிரி அந்த மெஷினுக்குன்னே செஞ்ச சிப்புக்குத்தான், கொமடோர் 1994லயே திவாலாகிடுச்சு, புதுசா யாரும் அடிக்கறதில்ல. சிட்டுக்கு ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட்னு மாற்று இருக்கு, சி64ல மெமரிய பிரிச்சு விடுற பிஎல்ஏ சிப்புக்கும் உண்டு, ஸ்பெக்ட்ரம் கீபோர்டு மெம்ப்ரேனும் புதுசாவே செய்யுறாங்க. அதுனால ஒரு மெஷின்ல பாதி சிப் மாத்துனது ஆகிடும், வாங்கும்போது 'எல்லாம் ஒரிஜினல்'னு சொன்னா ஒவ்வொரு சிப்போட தேதிக் குறியீட்டையும் பாருங்க.

கே: சரி, முடிவு பண்ணிட்டேன், முதல் மெஷினா எத வாங்கட்டும்?

சோல்டரிங் புதுசுன்னா சி64 இல்ல ஸ்பெக்ட்ரம். ரெண்டுக்கும் சர்க்யூட் படம், டயக்னோஸ்டிக் கார்ட்ரிட்ஜ், ரிப்பேர் குறிப்பு எல்லாம் கொட்டிக் கெடக்கு, காலெல்லாம் பெருசு, கைக்கு அடங்கும். ஸ்பெக்ட்ரம் டிவிக்கு ஆர்எஃப் (ஆன்டெனா ஒயர்ல வர்ற மாதிரி) சிக்னல்தான் தரும், இப்பத்த டிவில பிடிக்கலன்னா மாடுலேட்டர தாண்டி காம்போசிட் (ஏவி) சிக்னல் எடுக்குறது ரொம்ப சின்ன வேலை. அமிகா 1200 முதல் மெஷினா வேணாம், விலையும் ஜாஸ்தி, கெபாசிட்டர் வேலையும் நுணுக்கம்.

விக்கறவங்க 'டெஸ்ட் பண்ணல, பவர் கேபிள் இல்ல'ன்னு போட்டிருந்தா ஓடாதுன்னே வெச்சுக்கிட்டு அதுக்கேத்த விலை பேசுங்க. ஓடுதுன்னு சொன்னா ஸ்டார்ட் ஸ்கிரீன் மட்டும் பத்தாது, சி64ல '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ'ன்னு வருதா பாருங்க, அது கம்மியா காட்டுனா ரேம்ல கோளாறு. எல்லா கீயும் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. அமிகா மாதிரி பேட்டரி இருக்குற மெஷின்னா மூடிய தொறந்து அந்த இடத்த க்ளோசப்ல போட்டோ கேளுங்க, தரமாட்டேன்னா விட்டுட்டு அடுத்தத பாருங்க.